ஈர்ப்பும் கீழ்ப்படிதலும்

ஆசிரியருக்கு,

தன்பாலீர்ப்பு உள்ளவர்களை ஜெபத்தால் மாற்றிவிடலாம் என்று நம் ஊழியக்காரர்கள் சிலர் இன்றும் சொல்கிறார்கள். அமெரிக்காவில் இதையே 1976 முதல் செய்துவந்த எக்ஸோடஸ் இன்டர்நேஷனல் என்ற கிறிஸ்தவ அமைப்பு, 2013-இல் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கதவை மூடியது. பெரும்பாலோருக்கு ஈர்ப்பு மாறவில்லை என்று அதன் தலைவர் ஆலன் சேம்பர்ஸே ஒப்புக்கொண்டார். மருத்துவ வழியில் மாற்றும் முயற்சிகளை 2021-இல் சென்னை உயர் நீதிமன்றமும் தடைசெய்தது.

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி இவர்களை, உடலுறவைத் தவிர்த்து வாழும் கற்புநெறிக்கு அழைக்கிறது. மரியாதையோடும் பரிவோடும் ஏற்கும்படி மற்றவர்களுக்கும் சொல்கிறது. பிரசங்கத்தில் முதல் பாதிதான் காதில் விழுகிறது. சரி, வேதத்துக்குக் கீழ்ப்படிந்து தனித்து வாழ முடிவெடுத்தவரையாவது நிம்மதியாக விடுகிறோமா? ஆராதனை முடிந்ததும் “எப்போ கல்யாணம்?” என்கிறோம். (துறவறத்துக்கு இடமில்லாத எங்கள் சீர்திருத்தச் சபைகளில் இந்தத் தொல்லை அதிகம்.) கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்று பெற்றோருக்கு ஆலோசனை சொல்வது அதைவிடக் கொடுமை. வரப்போகும் மருமகளிடம் யாரும் வாய் திறப்பதில்லை. திருமண அறிவிப்பை மூன்று ஞாயிறு வாசித்து, ஆட்சேபணை உண்டா என்று கேட்கும் சபைகளில்தான் இது நடக்கிறது.

– ஒரு வாசகர், பாளையங்கோட்டை