ஒளியும் நானோ துகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒளியால் புற்றுநோயைக் குணப்படுத்தும் முறை பற்றிய தங்கள் கட்டுரை பயனுள்ளது. ஆயினும், 1995இல் அமெரிக்காவில் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு அனுமதிக்கப்பட்ட, ஒளி பட்டால் புற்றுநோய்ச் செல்களை அழிக்கும் போட்டோஃப்ரின் மருந்தைத் தூண்டும் 630 நானோமீட்டர் அலைநீளச் சிவப்பு ஒளி திசுவுக்குள் அதிக ஆழம் செல்வதில்லை என்பதும், மருந்து தோலிலும் தங்குவதால் நோயாளி குறைந்தது ஒரு மாதம் வெயிலைத் தவிர்க்க வேண்டும் என்பதும் அதில் விடுபட்டுள்ளன. வெயிலில் உழைத்துப் பிழைப்பவருக்கு இது பெருந்துன்பம்.

நானோ துகள்கள் எனும் மிக நுண்ணிய துகள்களின் தேவை இங்குதான் எழுகிறது. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர்கள் நவோமி ஹாலஸும் ஜெனிஃபர் வெஸ்ட்டும் உருவாக்கிய, சிலிக்கா மீது தங்கம் போர்த்திய துகள்கள், ஆழமாக ஊடுருவும் அகச்சிவப்பு ஒளியை வெப்பமாக்கிக் கட்டியை அழிக்கின்றன; புராஸ்டேட் புற்றுநோயாளிகள் 16 பேரிடம் நடந்த சோதனையின் முடிவுகள் 2019இல் வெளியாயின. இத்துகள்கள் கல்லீரலிலும் மண்ணீரலிலும் தங்குவது குறித்த நெடுங்கால ஆய்வுகளையும் தாங்கள் விரிவாக எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்