அண்ணே, அக்காவிடம் சொன்னது நான்தான்

அண்ணே,

நம் குடியிருப்பாளர் குழுவின் அறை, அதாவது ஆர்சி அறைச் சாவியை நானே வாங்கிக்கொள்கிறேன் என்று அந்தக் குழுவிடம் சொல்லிவிட்டேன். வேறு யாராவது முன்வருவார்கள் என்று இவ்வளவு நாள் இழுத்தடித்துப் பார்த்தேன். யாரும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பந்து, புதன்கிழமை வீட்டுப்பாடம், ராத்திரியெல்லாம் டிங் டிங் என்று அடிக்கும் அந்த வாட்ஸ்அப் குழு, எல்லாம் இனி என் தலையில். இதையெல்லாம் நீங்கள் எப்படி ஆரம்பித்தீர்கள், யாரையெல்லாம் எதிலிருந்து இழுத்து வந்தீர்கள் என்று எழுதப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

எழுத வந்தது வேறு. உங்கள் அக்காவிடம் சொன்னது நான்தான்.

உங்களுக்கு அப்போதே சந்தேகம் இருந்தது. ஆனால் கேட்கவில்லை. அன்றிலிருந்து நான் அனுப்பும் செய்திகளுக்கெல்லாம் கட்டைவிரல் படம் மட்டும்தான் பதில். இப்படி ஒரு கடிதம் எழுதிப் பொதுவில் போடலாமா, பெயரும் புளோக் எண்ணும் இருக்காது என்று கேட்டதற்கும் அதே கட்டைவிரல்தான் வந்தது. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் எங்கே போய்ப் பார்த்தீர்கள், என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் இங்கே வராது. நம் பையன்கள் தமிழில் இவ்வளவு நீளமாக எதையும் படிக்க மாட்டார்கள், அது ஒரு தைரியம். அவர்களுடைய அம்மாக்கள் படிப்பார்கள், பயம் அங்கேதான்.

சொன்னதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தச் சட்டத்தைப் போட்டதே நீங்கள்தானே? புதிதாக வருகிற ஒவ்வொரு பையனையும் ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய் ஒரே வசனத்தைச் சொல்வீர்கள். "நீ சொல்றது எதுவும் என் வாயிலேருந்து வெளியே போகாது. உயிர் சம்பந்தப்பட்டதுன்னா மட்டும் போகும். அப்ப நீ என்னைத் திட்டு, அடி, என்ன வேணும்னாலும் பண்ணு. நான் சொல்லத்தான் செய்வேன்." எனக்கும் சொன்னீர்கள். விளக்கு அணைந்த பிறகு பந்து விளையாடும் கோர்ட்டில் உட்கார்ந்துகொண்டு அன்றைக்கு நீங்கள் என்னிடம் பேசியதில் ஒரு வரியைக்கூட இங்கே எழுத மாட்டேன். ஆனால் விடியும் வரை எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் அக்காவுக்கு ஃபோன் போட்டேன். திட்டுங்கள். கட்டைவிரல் மட்டும் வேண்டாம்.

விடிகிற வரை எனக்கு ஓடிக்கொண்டிருந்தது ஒரே ஒரு நாள்தான். நீங்கள் என்னை ஆர்ச்சர்டுக்குக் கூட்டிக்கொண்டு போன நாள்.

எனக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. ஐடிஇ தொழில்நுட்பக் கல்விக் கழகத்துக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பி, எம்ஆர்டி ரயிலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வந்துகொண்டிருந்த காலம். வீட்டில் யாரிடமும் சொல்ல வழியில்லை. சொன்னால் அப்பா உட்பிரிட்ஜ் என்றுதான் ஆரம்பிப்பார். மனநல ஆஸ்பத்திரியின் அந்தப் பழைய பெயர் போய் மனநலக் கழகமாகி எவ்வளவோ வருடமாகிவிட்டது, நம் புளோக்கில் மட்டும் இன்றைக்கும் அது வசவுதான். நீங்கள் அம்மாவிடம் "படிப்பு விஷயமா ஒரு ஆலோசனை, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றீர்கள். வாயைத் திறந்தால் பொய் வராத மனிதர், எனக்காக அதைக் கூசாமல் சொன்னீர்கள்.

துறைமுகத்தில் இரவு வேலை முடித்து நேரே வந்திருந்தீர்கள். ஒளிரும் பட்டை வைத்த சட்டை, இரும்பு வைத்த ஷூ. சாமர்செட்டில் இறங்கி ஸ்கேப் கட்டடத்துக்கு நடந்தோம். வெளியே என் வயசுப் பையன்கள் ஸ்கேட்போர்டில் பறந்துகொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்து எனக்குக் கோபமாக வந்தது, காரணமே இல்லாமல். உள்ளே 'சாட்' என்று போட்டிருந்தது, இளையர்கள் மனம்விட்டுப் பேசும் இடம். மனநலக் கழகம் நடத்துகிறது, ஆனால் ஆஸ்பத்திரி மாதிரி இருக்காது, காசு கிடையாது, வெளியே சொல்ல மாட்டார்கள் என்று வழியெல்லாம் நீங்கள் சொன்னதை நான் நம்பவில்லை. நம்பாமலேயே உள்ளே போனேன். ஓர் அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். நான் பேசினேன். அவ்வளவு நேரம் நான் பேசுவேன் என்று எனக்கே தெரியாது.

வெளியே வந்தால் நீங்கள் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறீர்கள். பக்கத்திலிருந்த பெண் ஒரு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்திருந்தாள். எழுப்பினேன். எழுந்ததும் மேசையிலிருந்த துண்டுப்பிரசுரம் ஒன்றை எடுத்துப் பிரித்துப் படித்தீர்கள். வேறு ஏதோ பையனுக்காக்கும் என்று நினைத்தேன். படித்துவிட்டுச் சிரித்தீர்கள். "பதினாறுலேருந்து முப்பது வரைக்கும்தானாம்டா" என்று சொல்லி, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தீர்கள். நானும் சிரித்தேன். நீங்கள் அப்போது முப்பதைத் தாண்டியிருந்தீர்கள்.

அப்புறம் தேக்காவுக்குப் போய் பிரியாணி வாங்கிக் கொடுத்தீர்கள். உள்ளே என்ன பேசினாய் என்று கேட்கவே இல்லை. நீங்கள் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை. "நேத்து தூங்குனியா? என்ன சாப்பிட்ட?" இந்த இரண்டு கேள்விதான். மனநலம், மன அழுத்தம் என்று ஆரம்பித்தால் நம் பையன்கள் எழுந்து போய்விடுவார்கள். தூக்கத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் பதில் சொல்வார்கள், பதிலோடு மற்றதும் வந்துவிடும். எத்தனையோ பயிற்சிக்குப் போய்விட்டேன், இதைவிட நல்ல கேள்வியை யாரும் சொல்லித் தரவில்லை.

அதை உங்களிடம் யார் கேட்டோம்?

கேட்கவிட்டீர்களா என்பதுதான் என் சண்டை. நான் ஒருமுறை கேட்டேன். "எனக்கென்னடா, கல்லு மாதிரி இருக்கேன்" என்று சொல்லிப் பந்தை என் மேல் உதைத்தீர்கள். மற்றவன் வாயைத் திறக்கும் வரை விடிய விடியக் காத்திருப்பீர்கள், உங்கள் வாயை மட்டும் பூட்டிச் சாவியைத் தூக்கி எறிந்துவிடுவீர்கள். இதற்குப் பெயர் தியாகம் என்று ஆர்சியில் மாலை போடலாம். எனக்கு அது ஏமாற்றாகத்தான் பட்டது. இப்போதும் படுகிறது.

சரி, நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இதை ஆரம்பித்த காலம் வேறு. 2020 ஜனவரி 1 வரை இந்தச் சிங்கப்பூரில் உயிரை மாய்த்துக்கொள்ள முயல்வதே குற்றம். தண்டனைச் சட்டம் 309ஆம் பிரிவு, ஓராண்டு வரை சிறை. வழக்குப் போடுவது அரிது என்றாலும், போலிஸ் வரும் என்ற பயம் ஒன்று போதும். ஏற்கெனவே ஒரு பிள்ளையைக் கோர்ட்டு கேஸ் என்று அலையவிட்ட வீடுகள் நம் வீடுகள். எவன் போய் நடுராத்திரியில் உதவி கேட்பான்? அதனால்தான் எல்லாவற்றையும் நீங்களே மடியில் கட்டிக்கொண்டீர்கள். அந்தப் பிரிவை எடுத்துவிட்டார்கள். உங்கள் மடி மட்டும் அவிழவே இல்லை.

ஓரறை வாடகை வீட்டில் அழுவதற்கு ஓர் இடம் கிடையாது. இது தெரியாதவர்கள்தான் "ஏன் பையன்கள் நடுராத்திரியில் கீழேயே உட்கார்ந்திருக்கிறார்கள்" என்று குழுவில் புகார் எழுதுகிறார்கள். கதவைச் சாத்திக்கொள்ள வேண்டுமென்றால் குளியலறை ஒன்றுதான், அதையும் யாராவது தட்டுவார்கள். கீழ்த்தளத்தில் பந்து விளையாடக் கூடாது என்று பலகை இருக்கும். அந்தப் பலகைக்கு அடியில்தான் நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள், கையில் மைலோ பாக்கெட்டோடு.

2024இல் மனநலக் கழகத்தின் ஆய்வு வந்தபோது உங்களுக்கு அனுப்பினேன். 15 முதல் 35 வயதுக்குள் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வோ பதற்றமோ மன உளைச்சலோ கடுமையான அளவில் இருக்கிறது என்று. "நம்ம கோர்ட்டுல எண்ணிப் பாரு, அதுக்கு மேலேயே வரும்" என்று பதில் போட்டீர்கள். அந்தக் கணக்கிலும் நீங்கள் இல்லை, அண்ணே. நீங்கள் நாற்பதைத் தாண்டிவிட்டீர்கள். உங்களை மாதிரி ஆட்களை யார் எண்ணுகிறார்கள் என்று நான் யோசிக்க ஆரம்பித்ததே அக்காவிடம் பேசிய பிறகுதான்.

ஆர்சி குழுவைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன், அவர்களும் படிப்பார்கள். நல்லவர்கள்தான். மீள்திறன் பயிலரங்கு என்று பொட்டல உணவும் பனியனும் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டார்கள். உங்களுக்கு ஓய்வு வேண்டுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. உங்களைக் கூப்பிடும்போது மட்டும் "அடித்தளத் தலைவர்" என்று நீட்டி முழக்குவார்கள், நீங்கள் திரும்பிப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்ப்பீர்கள்.

பொறுப்பை எடுத்துக்கொள்கிறேன், ஆனால் நீங்கள் நடத்திய மாதிரி நடத்த மாட்டேன். கோபப்பட்டாலும் சரி. இரவு பதினொரு மணிக்கு மேல் என் ஃபோன் ஒலிக்காது. வாட்ஸ்அப் குழுவின் தலைப்பிலேயே 1767 போட்டுவிட்டேன், தற்கொலைத் தடுப்பு அமைப்பான சமாரிட்டன்ஸ் இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். பேச ஆள் வேண்டும், அவ்வளவுதான் என்றால் 1771. "உனக்குத் தூக்கம் முக்கியமா, பையன் முக்கியமா" என்று நீங்கள் கேட்பீர்கள், தெரியும். பதினொரு மணிக்கு மேல் விழித்திருந்து விழித்திருந்து நீங்கள் என்ன ஆனீர்கள் என்பதுதான் என் பதில். புதன்கிழமைகளில் குடும்பச் சேவை நிலையத்திலிருந்து ஒரு சமூக ஊழியர் வந்து உட்காருவார். பாடம் சொல்லித்தர மாட்டார், சும்மா இருப்பார், பையன்கள் பழகட்டும். எந்தப் பிள்ளையின் பாரமும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது, இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதியே கொடுத்துவிட்டேன். ஆர்சி குழுவில் ஒருவர் "இதெல்லாம் எதுக்கு, அவர் தனியாத்தானே பார்த்தாரு" என்றார். நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும்.

கடைசியாக ஒன்று. பையன்கள் கேட்கிறார்கள். நீங்கள் சொல்லச் சொன்னபடி முதுகுவலி என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். சின்னவர்கள் நம்பிவிட்டார்கள். அந்த கோல்கீப்பர் நம்பவில்லை. "போன வருஷம் நான் கேட்டப்ப, சொல்றதுல வெக்கம் இல்லடான்னு அண்ணந்தானே சொன்னாரு" என்று என் முகத்தையே பார்க்கிறான். அன்றைக்கு என் அம்மாவிடம் எனக்காகச் சொன்ன பொய்க்கு நான் நன்றிக்கடன் பட்டவன். அதே மாதிரி ஒன்றை உங்களுக்காகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உண்மையை நான் சொல்ல மாட்டேன், அது உங்களுடையது. ஆனால் இனி கேட்டால் உங்களிடமே கேட்கச் சொல்லிவிடுவேன்.

அவசரமில்லை. நன்றாகத் தூங்குங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள் (இதை அக்கா எழுதச் சொன்னார்), தேறியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். பொறுப்பு ஒன்றும் தர மாட்டேன், வெளியே போகிற பந்தை எடுத்துப் போட்டால் போதும். முதுகைப் பிடித்துக்கொண்டு மட்டும் வராதீர்கள்.

தம்பி