யாரு ஜெயிச்சாங்கன்னு குட்டி கேட்டாளே

கண்ணு,

ஊருக்கு வந்து பத்து நாள் ஆச்சு, அம்மாவுக்கு இன்னும் ராத்திரி பகல் மாறித்தான் கெடக்கு, எனக்குத் தூக்கம் வராததுக்குக் காரணம் வேற. வாஷிங்டன்ல, வியட்நாம் சண்டைல போன அமெரிக்க சிப்பாய்ங்க பேரெல்லாம் செதுக்கின அந்தச் செவுத்துக்கிட்ட நின்னப்ப குட்டி "யாரு தாத்தா ஜெயிச்சாங்க"ன்னு கேட்டா, நீ "அப்புறம் சொல்றேன் வா"ன்னு கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிட்ட. உன்னத் தப்பு சொல்லல. ஆனா அவ அந்த ஊர்லயே வளர்ற புள்ள, வீட்ல யாராவது நேரா சொல்லணும்ல.

அந்தக் கல்லு பெங்களூர் பக்கம் வெட்டினதுன்னு மாப்பிள்ளை சொன்னதும் எனக்கு உடம்பே சிலுத்துப் போச்சு. முப்பது வருஷம் ஓசூர்ல கிரானைட் பாலிஷ் போட்ட கை இது. கிட்டப் போனா பேருங்களுக்கு நடுவுல நம்ம மூஞ்சி தெரியற அளவுக்குப் பாலிஷ், எழுத்து அரை இஞ்சுதான், அத்தனையும் மணல் அடிச்சு எடுத்தது, நான் பாத்த வரைக்கும் ஓரம் உடையல. 58,000 பேருக்கு மேல. ஏ பி சி டி வரிசை இல்ல, பதவி வரிசையும் இல்ல, விழுந்த தேதி வரிசை, அதனால ஒரே நாள்ல போனவங்க பக்கத்துல பக்கத்துல இருக்காங்க.

இத டிசைன் பண்ணின மாயா லின்னுக்கு அப்ப 21 வயசுதான், சீனாவுல இருந்து வந்தவங்களோட பொண்ணு. 1,400 பேருக்கு மேல போட்டி போட்டாங்க, பேரு தெரியாம நம்பர வச்சுத்தான் தேர்ந்தெடுத்தாங்க. அப்புறமும் சண்டை. கறுப்புன்னா அவமானம், பூமிக்குள்ள எறங்குது, வெள்ளையா ஒசரமா கட்டணும்னு சண்டைக்குப் போய் வந்தவங்கள்ளயே சில பேர் எதிர்த்தாங்களாம். நம்ம ஊர்ல சாமியவே கறுங்கல்லுல தான செதுக்கறோம், அதக் கேட்டப்ப எனக்கு வருத்தமா இருந்துச்சு. கடைசில பக்கத்துல மூணு சிப்பாய் சிலையும் கொடிக்கம்பமும் வச்சு சமாதானம் பண்ணினாங்க. செவுரு தெறந்தது 1982ல.

நீ குட்டிக்கு தண்ணி குடுக்கப் போனப்ப ஒண்ணு நடந்துச்சு. என் வயசு இருக்கும், வெள்ளைக்காரப் பெரியவர் ஒருத்தர், ஒரு பேரு மேல பேப்பர வச்சு பென்சிலால தேச்சுட்டு இருந்தார். கை நடுங்கி பேப்பர் நழுவுது. நான் போய் ஓரத்த அழுத்திப் புடிச்சுக்கிட்டேன். பேரு ஒவ்வொரு எழுத்தா எழும்பி வந்துச்சு. அவர் என்னென்னமோ சொன்னார், எனக்குப் புரிஞ்சது "நைன்டீன்", ரெண்டு தடவ சொன்னார்.

பத்தொம்பது வயசும்மா. 1969 டிசம்பர் 1ஆம் தேதி யாரக் கட்டாயமா பட்டாளத்துக்கு அனுப்பறதுன்னு குலுக்கல் போட்டாங்க, பொறந்தநாளெல்லாம் நீலக் குப்பியில போட்டு டிவியில காட்டி ஒவ்வொண்ணா எடுத்தாங்க, மொதல்ல வந்தது செப்டம்பர் 14, அந்தத் தேதியில பொறந்த பையனுங்கதான் மொதல்ல போகணும். காலேஜ்ல இருக்கறவனுக்குத் தள்ளிப்போட வழி இருந்துச்சு, வசதி இல்லாத வீட்டுப் பையனுக்கு அதுவும் இல்ல. சண்டை வேண்டாம்னு நின்ன பசங்களும் அங்கத்த பசங்கதான், 1970 மே மாசம் ஒஹாயோவுல கென்ட் ஸ்டேட் யுனிவர்சிட்டில நாலு ஸ்டூடண்ட்ஸ சுட்டே கொன்னாங்க. ஒரே வீட்ல அப்பனும் மகனும் பேச்ச விட்ட காலம் அது. அதனாலதான் அந்தச் செவுத்துல சண்டை சரியா தப்பான்னு ஒரு வார்த்தை இல்ல, போனவன் ஆளும் நின்னவன் ஆளும் ஒரே எடத்துல வந்து நிக்க முடியுது.

குட்டிகிட்ட சொல்லு, அமெரிக்கா ஜெயிக்கல. 1973ல படை வெளிய வந்துச்சு, 1975 ஏப்ரல் 30ல அமெரிக்கா ஆதரிச்ச தெற்கு வியட்நாமோட தலைநகரம் சைகோன் வடக்கு வியட்நாம் கையில விழுந்துச்சு. அதோட நிறுத்திடாத. வியட்நாம் அரசாங்கம் 1995ல சொன்ன கணக்கு, செத்துப்போன ஜனங்க 20 லட்சம், அவங்க பக்கம் சண்ட போட்டு செத்தவங்க 11 லட்சம். நான் உக்காந்து கணக்குப் போட்டேன், அதே சைஸ் எழுத்துல அவங்க பேரையும் செதுக்கினா அந்த மாதிரி அம்பது செவுருக்கு மேல வேணும், கிட்டத்தட்ட எட்டு கிலோமீட்டர் கல்லு. அதையும் அவ தெரிஞ்சுக்கணும்.

இன்னொண்ணு. பேரு பக்கத்துல சின்னதா குறி இருக்கும். வைரம் மாதிரி இருந்தா எறந்தது உறுதி, சிலுவை இருந்தா காணாமப் போனவர். எலும்பு கெடச்சு உறுதியாச்சுன்னா சிலுவையவே வைரமா மாத்திடறாங்க. உயிரோட திரும்பி வந்தா சிலுவையச் சுத்தி வட்டம் போடறதுன்னு வச்சிருக்காங்க. இதுவரைக்கும் ஒரு வட்டம் கூட போடல. அடுத்த தடவ போறப்ப குட்டிக்கு ஒரு சிலுவையக் காட்டு, அதச் சுத்தி வட்டத்துக்கு எடம் விட்டிருக்காங்களான்னு பாத்து எனக்குச் சொல்லுங்க, நான் அன்னிக்குப் பாக்காம வந்துட்டேன்.

அப்பா