விளக்கடியில் ஐந்து பேர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பல் முளைத்த செய்தி உட்பட எல்லாம் படித்தேன். கோத்தகிரியில் மழை விட்டபாடில்லை, கரண்டும் நினைத்தால் வருகிறது. தேயிலை விலையைக் கேட்டிருந்தாய். அதை எழுதி உன் மனத்தையும் எதற்குக் கெடுக்க?

மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் விளக்கேந்திய பெண் ஓவியத்தைப் பார்த்ததாக எழுதியிருந்தாய். எல்லோரும் சொல்வதுபோல நீயும் ரவிவர்மா என்றே எழுதிவிட்டாய். அது ஹல்தாங்கர் என்ற ஓவியர் 1940களில் தீட்டிய நீர்வண்ண ஓவியம். சுடரை மறைக்கும் விரல்களில் ஒளி கசிவது பெரிய வித்தைதான், மறுக்கவில்லை. ஆனால் விளக்கு என்றாலே மங்கலம், நம்பிக்கை என்று நீ அடுக்குகிறாயே, அதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

என் மனத்தில் நிற்பது டச்சு ஓவியர் வான்கா 1885-இல் நெதர்லாந்தில் நூனென் கிராமத்தில் வரைந்த 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்'. தாழ்ந்த கூரை, தொங்கும் ஓர் எண்ணெய் விளக்கு, அதன் அடியில் ஐந்து பேர். பொதுத் தட்டில் ஆவி பறக்கும் கிழங்கு; ஒரு பெண் காப்பி ஊற்றுகிறாள். இந்த விளக்கு யாரையும் அழகாக்கவில்லை. முட்டி புடைத்த கைகளைத்தான் முதலில் காட்டுகிறது. மண்ணைத் தோண்டிய அதே கைகள்தான் தட்டில் நீள்கின்றன, அவர்கள் தங்கள் சோற்றை நேர்மையாகச் சம்பாதித்தவர்கள் என்று வான்கா தன் தம்பி தியோவுக்கு எழுதினார். முகங்களின் நிறம்கூட, புழுதி படிந்த, தோல் உரிக்காத கிழங்கின் நிறமாம்! மேட்டுப்பாளையம் மண்டிக்கு மூட்டை ஏற்றிய நமக்கு அந்த நிறத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று கவனி. ஒரே வெளிச்சத்தில் நெருங்கி உட்கார்ந்திருக்கிறார்கள், ஆனால் ஒருவர் பார்வையும் இன்னொருவர் பார்வையைச் சந்திக்கவில்லை. தனிமை, சோகம் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கிழங்கு தோண்டிவிட்டு வந்த அன்று எங்கள் வீட்டிலும் சிம்னி விளக்கைச் சுற்றி யாரும் பேச மாட்டார்கள். அலுப்பு, அவ்வளவுதான். அந்த விளக்குக்குப் பொருள் சொல்லச் சொன்னால், வேலை முடிந்தது, உட்கார்ந்து சாப்பிடு என்பதுதான் என்பேன். பூஜை அறை விளக்கு வேறு, அடுப்படி விளக்கு வேறு.

அப்புறம் ஒரு விஷயம். இந்தப் படத்தின் கல்லச்சுப் பிரதியை (கல்லில் வரைந்து தாளில் அச்செடுத்தது) பார்த்த வான் ரப்பார்ட் என்ற ஓவிய நண்பர் கடுமையாகக் குறை சொல்லிக் கடிதம் எழுதினார். அதன்பின் அந்த நட்பு நீடிக்கவில்லை. நீ என்னைத் திட்டுவதானால் தாராளமாகத் திட்டு, பதில் மட்டும் போடு. மார்கழியில் வருவதாக இருந்தால் கனமான ஸ்வெட்டர் எடுத்து வா, உறைபனி இருக்கும்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி