வாடகை கேம்பர் வேனில் உடைந்த கண்ணாடியும் திரும்பி வராத முன்பணமும்

அனுப்புநர்: முன்பதிவுப் படிவத்தில் கண்ட வாடிக்கையாளர், கோயம்புத்தூர்.

பெறுநர்: மேலாளர் அவர்கள், கேம்பர் வேன் வாடகைப் பிரிவு.

நாள்: 2.6.2025

பொருள்: 16.5.2025 முதல் 18.5.2025 வரை வால்பாறைப் பயணத்துக்கு எடுத்த கேம்பர் வேனில் (உள்ளேயே சமைக்கவும் தூங்கவும் வசதியுள்ள வண்டி) சமையலறைக் கண்ணாடிகள் உடைந்தது, அதற்காக எங்கள் முன்பணம் ரூ.25,000 முழுவதையும் பிடித்துக்கொண்டது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். இந்த விஷயமாக உங்கள் அலுவலகத்துக்கு நான்கு முறை போன் செய்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் வேறொரு தம்பி எடுத்து, முதலிலிருந்து கதையைக் கேட்டுக்கொண்டு, "செக் பண்ணிட்டு கூப்பிடறோம் சார்" என்று வைத்தார். யாரும் கூப்பிடவில்லை. பில் மட்டும் வாட்ஸ்அப்பில் வந்தது. அதனால் எழுத்தாகவே கொடுத்துவிடுகிறேன்.

பில்லில் கண்டபடி அலமாரிக் கதவுக் கண்ணாடி 2க்கு 9,500, அடுப்பின் கண்ணாடி மூடிக்கு 8,000, வண்டியைச் சுத்தம் செய்ய 2,500, வண்டி ஓடாமல் நின்ற இரண்டு நாளுக்கு 5,000. மொத்தம் 25,000. நாங்கள் கட்டிய முன்பணமும் 25,000. ஒரு ரூபாய் கூடாமல் குறையாமல் எப்படிப் பொருந்தியது என்று எங்கள் வீட்டில் எல்லோரும் வியந்துகொண்டிருக்கிறோம். காரணம் என்று போட்டிருப்பது ஒரே வரி: "வாடிக்கையாளரின் கவனக்குறைவான பயன்பாடு."

உங்களுக்கு நேரம் சரியில்லை என்றுதான் சொல்ல வேண்டும். நான் 22 வருடமாகக் கண்ணாடி, அலுமினிய வேலை செய்கிறவன். இதே ஊரில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். கண்ணாடி எப்படி உடைந்தது என்பதைத் துண்டுகளே சொல்லும். அந்தத் துண்டுகளைக் கூட்டி எடுத்தவன் நான்.

முதல் கண்ணாடி வெள்ளிக்கிழமை முற்பகலில் உடைந்தது. ஆழியாறு செக்போஸ்ட் தாண்டி மலை ஏறிக்கொண்டிருந்தோம். வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை இருக்கும். என் பையன் அதைச் சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தான். 22 என்று அவன் சொல்லி வாய் மூடவில்லை, சிங்க்குக்கு மேலே இருந்த அலமாரிக் கதவு படீரென்று திறந்து, பக்கத்துக் கதவின் முனையில் அடித்து, இரண்டு கண்ணாடியும் ஒன்றாகக் கீழே வந்தன. வண்டி அப்போது இரண்டாவது கியரில் ஊர்ந்துகொண்டிருந்தது. ஓட்டியது நீங்கள் அனுப்பிய ஓட்டுநர். அவர் பிரேக்கைக்கூட அழுத்தவில்லை. உள்ளே இருந்தவை நீங்கள் வைத்துக் கொடுத்த குக்கரும் எவர்சில்வர் சம்படங்களும்தான். வளைவில் வண்டி சாய்ந்தபோது அவை வழுக்கி வந்து கதவை உள்ளிருந்து தள்ளியிருக்கின்றன. கதவைப் பிடித்துக்கொண்டிருந்தது ஒரு சின்னக் காந்தம். வீட்டு மாடுலர் கிச்சனுக்கு அது போதும், வீடு வளைவில் திரும்பாது. ஓடுகிற வண்டிக்கு அழுத்தித் திறக்கும் பூட்டு வைக்க வேண்டும். பட்டனை அமுக்கினால்தான் கதவு வரும். விலை ஒன்றும் பெரிதில்லை.

காந்தத்தைக்கூட மன்னித்துவிடலாம், கண்ணாடியை முடியாது. கீழே விழுந்தவை முழங்கை நீளத்துக்கு, கத்தி கத்தியாக விழுந்தன. ஒன்று சிங்க் தொட்டியில் செங்குத்தாக நின்றது. டஃபன் செய்த, அதாவது பதப்படுத்தி வலுவாக்கிய கண்ணாடி அப்படி உடையவே உடையாது. அதை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, சட்டென்று காற்றடித்துக் குளிர வைப்பார்கள். மேல்தோல் இறுகிவிடும், உள்ளே இழுவிசை நிற்கும். எங்காவது ஒரு இடத்தில் அந்தக் கட்டு விட்டதென்றால் முழுக் கண்ணாடியும் கற்கண்டு மாதிரி பொடிப்பொடியாக உதிரும். அதனால்தான் கார் ஜன்னலுக்கு அதைப் போடுகிறார்கள். உங்கள் வேன் ஜன்னலிலும் அதுதான் இருக்கிறது, மூலையில் முத்திரையைப் பார்த்தேன். கிச்சன் கதவில் முத்திரையும் இல்லை, ஓரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கவும் இல்லை. 4 மி.மீ. பிளைன் கண்ணாடியை வெட்டியபடியே அலுமினியச் சட்டத்தில் சொருகியிருக்கிறார்கள். சட்டத்துக்குள் மறைந்துவிடும் என்ற தைரியம். குடும்பங்கள் உட்கார்ந்து போகும் வண்டியின் வெளிப்பக்கத்துக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, உள்ளே தலைக்கு மேலே சாதாரணக் கண்ணாடி. இதை என்னிடம் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமான பையன்கூடச் செய்யமாட்டான்.

எங்கள் அம்மாவுக்கு 72 வயது. சர்க்கரை இருக்கிறது. சத்தம் கேட்டுத் தூக்கத்திலிருந்து எழுந்தவர் வெறுங்காலோடு கீழே காலை ஊன்றிவிட்டார். குதிகாலில் ஒரு சில்லு ஏறியது. உங்கள் ஓட்டுநர் வண்டியை ஓரம் கட்டி ஓடி வந்தார். முதல் காரியமாகத் தன் ரப்பர் செருப்பைக் கழற்றி அம்மா காலில் மாட்டிவிட்டு, "அம்மா, அசையாம உக்காருங்க" என்றார். வெறுங்காலோடு ரோட்டில் நின்றது அவர்தான். முதலுதவிப் பெட்டி என்று ஒன்று இருந்தது. அதில் ஒரு சுருள் பஞ்சும், காய்ந்துபோன பிளாஸ்திரியும், 2023லேயே காலாவதியான ஒரு களிம்பும் இருந்தன. வால்பாறை போய் ஊசி போட்டுக் கட்டுக் கட்டினோம். சர்க்கரை இருப்பதால் ஆற 12 நாள் ஆயிற்று. பயணத்தின் மீதி நாளெல்லாம் அவர் வண்டியை விட்டு இறங்கவில்லை. புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்கு பார்க்க வேண்டும் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், பேரப்பிள்ளைகள் செல்போனில் எடுத்து வந்து காட்டியதைப் பார்த்தார்.

சுத்தம் செய்வதற்கு 2,500 ரூபாய் போட்டிருக்கிறீர்களே, எதைச் சுத்தம் செய்தீர்கள்? வண்டியில் ஒரு துடைப்பம்கூடக் கிடையாது. மலைப் பாதையின் ஓரத்தில் நானும் என் மனைவியும் முக்கால் மணி நேரம் மண்டியிட்டுப் பொறுக்கினோம். பெரிய துண்டுகளைப் பெட்ஷீட்டில் சுற்றினோம். சிறியதற்கு ஈரமாக்கிய செய்தித்தாள். கண்ணுக்குத் தெரியாத பொடிக்கு, சப்பாத்திக்குப் பிசைந்து வைத்திருந்த மாவை உருண்டையாக்கித் தரையில் ஒற்றி ஒற்றி எடுத்தாள் அவள். செல்போன் டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்தால் ஒவ்வொரு பொடியும் மின்னும், அப்படித்தான் தேடினோம். சோபா இடுக்கு, அம்மாவின் மாத்திரைப் பை, பையனின் கலர் பென்சில் டப்பா என்று போகாத இடம் இல்லை. வாய் திறந்திருந்த அரிசிப் பையையும், துணி மட்டும் கட்டியிருந்த இட்லி மாவுத் தூக்கில் இருந்ததையும் அப்படியே கட்டிக் குப்பையில் போட்டுவிட்டோம். மாவில் கண்ணாடி விழுந்ததா இல்லையா என்று யார் பார்த்துச் சொல்வது? ஆட்டி எடுத்து வந்த மாவு. அதற்கு நான் பணம் கேட்கவில்லை, ஆனால் என் மனைவி இன்னும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அங்கிருந்தே உங்கள் 24 மணி நேர உதவி எண்ணுக்கு அடித்தேன். மணி அடித்து அடித்து நின்றது. ஏழு தடவை. அழைப்புப் பட்டியலின் படத்தை இணைத்திருக்கிறேன்.

இரண்டாவது உடைப்பு மறுநாள் காலை. வண்டி நின்ற இடத்தில்தான் நின்றது, ஆகவே வளைவையோ ஓட்டுநரையோ இழுக்க முடியாது. பாலைக் காய வைத்திருந்தேன். அடுப்பின் கண்ணாடி மூடி திறந்து, பின்பக்கச் சுவரை ஒட்டி நின்றது. பால் பொங்கப் போகிற நேரம், வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தால் மூடி இல்லை. கீல் மட்டும் இருக்கிறது, பால் பாத்திரத்துக்குள் கண்ணாடி மணிகள் மிதக்காமல் ஒவ்வொன்றாக மூழ்கிக்கொண்டிருக்கின்றன, அடுப்பு எரிந்துகொண்டேயிருக்கிறது. முதலில் ரெகுலேட்டரை மூடினேன். இந்தக் கண்ணாடி டஃபன்தான், ஒத்துக்கொள்கிறேன். பொடியாகத்தான் உடைந்தது, யாருக்கும் காயமில்லை.

நீங்கள் போனில் சொன்ன காரணம், சூடான அடுப்பின் மேல் மூடியைக் கவிழ்த்திருப்பேன் என்பது. அடுப்பு ஆறுவதற்குள் கண்ணாடி மூடியைக் கவிழ்த்தால் வெடிக்கும் என்பது உண்மைதான், வெளிநாட்டு கேம்பர் வேன்களிலும் இதே மாதிரி மூடி வருகிறது, அவற்றின் கையேட்டில் அந்த எச்சரிக்கையும் இருக்கும். ஆனால் பால் பாத்திரம் மேலே இருக்கும்போது மூடியை எப்படி ஐயா கவிழ்ப்பது?

காரணத்தை நான் பார்த்துவிட்டேன். மூடியில் கீலுக்காக இரண்டு துளை. துளை வழியாக ஸ்க்ரூவை நேரே விட்டு முடுக்கியிருக்கிறார்கள். நடுவில் ரப்பர் வாஷரோ நைலான் புஷ்ஷோ இல்லை, இரும்பு கண்ணாடியை நேராகக் கடித்துக்கொண்டிருந்தது. டஃபன் கண்ணாடியை நடுவில் குத்தினால் தாங்கும், ஓரத்திலும் துளை விளிம்பிலும்தான் அதன் உயிர் இருக்கிறது. மலைப் பாதையில் நாள் பூராவும் அதிர்ந்து, காலையில் கீழ் ஓரம் சூடாகி மேல் ஓரம் குளிர்ந்திருக்க, விட்டுவிட்டது. முந்தின நாள் விழுந்த கத்தித் துண்டு ஒன்று மூடியின் ஓரத்தைக் கீறியிருக்கவும் வாய்ப்புண்டு. அதையும் மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் அப்படி இருந்தாலும் அந்தத் துண்டும் உங்கள் அலமாரியிலிருந்து வந்ததுதான்.

விலை விஷயத்துக்கும் ஒரு வார்த்தை. அந்த இரண்டு கதவுக்கும் நீங்கள் போட்டிருந்த அதே பிளைன் கண்ணாடியை என் கடையில் வெட்டி, கூலியோடு மாட்டிக் கொடுத்தால் ஆயிரம் ரூபாய் தாண்டாது. 9,500 எந்தக் கண்ணாடிக்கு என்று வாங்கிய ரசீதைக் காட்டுங்கள். டஃபன் வாங்கி மாட்டியிருந்தால் எனக்கு சந்தோஷம்தான், ஆனால் உங்கள் தவறைத் திருத்த என் பணமா?

எனக்கு வேண்டியது இதுதான். முன்பணம் 25,000 முழுவதும், மருத்துவச் செலவு 1,840ம் இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் என் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். அதோடு, இதே மாதிரி கட்டிய இன்னும் இரண்டு வண்டி உங்களிடம் இருப்பதாக ஓட்டுநர் சொன்னார். அவற்றின் கிச்சன் கதவுகளை அடுத்த குடும்பம் ஏறுவதற்கு முன் கழற்றிவிடுங்கள். கண்ணாடிதான் வேண்டும் என்றால் டஃபன் போட்டு, பின்பக்கம் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டுங்கள். பிளைனை வாங்கி வெட்டிய பிறகு டஃபன் செய்துகொள்ளலாம், டஃபன் செய்த பிறகு வெட்ட முடியாது, ஆகவே அளவை முதலிலேயே சரியாக எடுக்கச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் ஓடுகிற வண்டிக்கு மேல் அலமாரியில் கண்ணாடியே வேண்டாம். லேசான பிளைவுட் கதவு போதும். போட்டோவில் பளபளப்பாக இருக்காது, அவ்வளவுதான். அடுப்பு எச்சரிக்கையைத் தமிழிலும் எழுதி ஒட்டுங்கள். இப்போது இருப்பது ஆங்கிலத்தில், அதுவும் மூடியைத் திறந்தால் மறைந்துவிடுகிற இடத்தில்.

பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019ன்படி கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். இவ்வளவு சிறிய தொகைக்கு அங்கே கட்டணமும் கிடையாது. எனக்கு அலைய விருப்பமில்லை, கடையில் வேலை கிடக்கிறது. ஆனால் அம்மா காலைப் பார்க்கும்போதெல்லாம் போய்விடலாம் என்றே தோன்றுகிறது.

துண்டுகளை நான் வீசவில்லை. நீளத் துண்டுகள் ஒரு அட்டைப் பெட்டியில், மூடியின் பொடி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில், வாஷர் இல்லாத ஸ்க்ரூவோடு. உங்கள் ஆள் யாராவது எப்போது வேண்டுமானாலும் கடைக்கு வந்து பார்க்கலாம், டீ வாங்கித் தருகிறேன். போட்டோக்கள், மருத்துவ ரசீது, உங்கள் பில், அழைப்புப் பட்டியல் ஆகியவற்றின் நகல்கள் இத்துடன் உள்ளன.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

பின்குறிப்பு: ஓட்டுநரின் சம்பளத்தில் இதற்காக எதையும் பிடித்திருந்தால் அதையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அவர்மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அவருடைய ரப்பர் செருப்பு எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அம்மா கழுவிக் காயவைத்து எடுத்து வைத்திருக்கிறார். எந்த முகவரிக்கு அனுப்புவது என்று மட்டும் சொல்லுங்கள்.