பெல் மாமாவுக்கு ஒரு படம்

பாபநாசம்,
சித்திரை 3

அன்புள்ள வாத்தியாருக்கு,

தீபாவளிக்கு வந்த உன் கடிதத்துக்குச் சித்திரையில் பதில் எழுதுகிறேன். திட்டுவதை நேரில் வரும்போது வைத்துக்கொள். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. மற்றவர்கள் நலம். பங்குனிக் கடைசியில் நம் பெல் மாமா தூக்கத்திலேயே போய்விட்டார். தொலைபேசியில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை படத்திறப்பு. நான்தான் பேச வேண்டும் என்று அத்தை சொல்லிவிட்டார். சுவரொட்டியில் 'தீயை வென்ற தீரர்' என்று போட்டிருக்கிறார்கள். மாமா பார்த்திருந்தால் சிரித்திருப்பார். அவர் தீயணைப்பு வண்டியேறிப் போனதில் பாதிக்கு மேல் கிணற்றில் விழுந்த மாடுகளுக்காகவும் வீட்டுக்குள் புகுந்த பாம்புகளுக்காகவும்தானே? கழுதைக் கதையை மேடையில் சொல்லக் கூடாது என்று அத்தை இப்போதே சத்தியம் வாங்கிக்கொண்டார்.

1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில், பஞ்சுப் பொதிகளோடு வெடிமருந்தையும் ஏற்றி நின்ற ஃபோர்ட் ஸ்டிகீன் கப்பலின் தீயை அணைக்கப் போய் மாண்ட 66 வீரர்களின் நினைவாக நாடெங்கும் அந்த நாளைத் தீயணைப்போர் அனுசரிக்கிறார்கள். ஓய்வு பெற்ற பிறகும் மாமா வருடப்பிறப்பன்று காலையில் நிலையத்துக்குப் போய் மலர்வளையத்தின் முன் நின்றுவிட்டு வந்துதான் மாங்காய்ப் பச்சடியைத் தொடுவார். நேற்று முன்தினம் அவருக்குப் பதிலாக நான் போனேன். சல்யூட் அடிக்கத் தெரியாமல் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

என் சிக்கலே 2004தான். அந்த ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் திருமண மண்டபத்துக் கீற்றுப் பந்தல் பற்றி, மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியில் கீற்றுக் கூரை எரிந்து 94 குழந்தைகள் போனார்கள். கும்பகோணத்துக்குப் போன வண்டிகளில் ஒன்றில் மாமா இருந்தார். அன்று பார்த்ததைப் பற்றி அத்தையிடம்கூட அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் பேசாததை நான் ஒலிபெருக்கியில் பேசுவது எந்த வகை மரியாதை?

ஆனால் அதன் பிறகு அவர் எந்தக் கல்யாண வீட்டிலும் இரண்டாவது வழி எங்கே என்று பார்க்காமல் இலையில் உட்கார்ந்ததில்லை. உன் கல்யாணத்தில் நடந்ததை நினைத்துப் பார். முகூர்த்தத்துக்கு அரைமணி நேரம் இருக்கும்போது சமையல்காரரிடம் அரிவாளை வாங்கி, பந்தலின் வடக்குத் தடுப்பில் ஆள் புகும் அளவுக்குக் கீற்றை அறுத்துத் தள்ளினாரே! வீடியோ விளக்கைக் கூரையிலிருந்து விலக்கிக் கட்டச் சொல்லி, காய்ந்த கீற்று பற்றினால் கட்டு அறுந்து பந்தலே தலைமேல் இறங்கிவிடும் என்று உன் மாமனாரிடம் அவர் நிதானமாக விளக்கியதும், மாமனார் அபசகுனம் என்று குதித்ததும், நாம் இருவரும் வாழைமரத்தின் பின்னால் நின்று சிரித்ததும் நினைவிருக்கிறதா? எதற்குச் சிரித்தோம் என்று இப்போது வெட்கமாக இருக்கிறது.

திறந்து வைக்க அத்தையிடம் இருப்பது அடையாள அட்டையில் ஒட்டிய படம் ஒன்றுதான். அதில் அவர் யாரோ போலிருக்கிறார். உன் ஆல்பத்தில், அறுத்த இடத்தின் அருகே வேட்டியை மடித்துக் கட்டி, கையில் அரிவாளோடு மாமா நிற்கும் படம் ஒன்று உண்டு. அதை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவை. பக்கத்தில் முறைத்துக்கொண்டிருக்கும் உன் மாமனாரை ஸ்டுடியோக்காரரிடம் சொல்லி வெட்டிவிடுகிறேன்.

உன்,
குட்டையன்