கல் இறங்கும் முன்பே கணக்கு

அன்புள்ள சேவியர்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே கிருஷ்ணகிரியில் மாம்பழக் காலம். பெங்களூரா ஏற்றிய வண்டிகள் கூழ் ஆலை வாசலில் வரிசையாக நிற்கின்றன. விலைதான் நிற்காமல் இறங்குகிறது. வீட்டில் எல்லோரும் சுகம்.

உங்கள் ஊருக்கு நேரே கடலில், மீன் ஒதுங்குவதற்காகக் கான்கிரீட்டில் செய்த செயற்கைப் பாறை போடப்போகிறார்கள், அதனால் மீன் பெருகியதா என்று பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருந்தாய். மலைக்காட்டுக் கணக்கு வாத்தியாரிடம் மீனைப் பற்றிக் கேட்கிற ஆள் நீ ஒருவன்தான். இருந்தாலும் சொல்கிறேன்.

போச்சம்பள்ளியில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையன்று கால் வைக்க இடமிருக்காது. அதைப் பார்த்து ஊரின் மக்கள்தொகை கூடிவிட்டது என்று யாரும் எழுத மாட்டார்கள். பாறையைச் சுற்றி மீன் மொய்ப்பதும் அந்த மாதிரி இருக்கலாம். நிழலும் மறைவும் தேடி அக்கம்பக்கத்து மீன் வந்து கூடியிருக்கும். அதைத் தூண்டில் போட்டு எடுத்தால், இருந்த மீனையே சீக்கிரமாகக் காலி செய்கிறோம் என்றுதான் அர்த்தம். பாறை மீனை ஓரிடத்தில் கூட்டுகிறதா, இல்லை புதிதாகப் பெருக்குகிறதா என்று ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாக வாதாடுகிறார்கள். பதில் மீனுக்கு மீன் மாறும். கலவா, சிங்கி இறால் போலப் பொந்து தேடும் உயிர்களுக்கு வெறும் மணல் தரையில் ஒதுங்க இடம் கிடையாது. அவற்றின் குஞ்சுகள் கூடுதலாகப் பிழைக்க வழியுண்டு. சாளையும் நெத்திலியும் கூட்டமாகக் கடந்து போகிறவை, கான்கிரீட்டால் அவற்றுக்குப் பெரிய லாபமில்லை.

எங்கள் கே.ஆர்.பி. அணையில் கட்லா, ரோகு குஞ்சுகளை எண்ணி விடுகிறார்கள், வரவு தெரியும். கடலில் அது தெரியாது. அதனால் கல் இறங்குவதற்கு முன்பே நீங்கள் நோட்டைத் திறக்க வேண்டும். இதை விட்டால் பிறகு எந்த விஞ்ஞானி வந்தாலும் பயனில்லை. பாறை வரும் இடத்தில் ஒரு கணக்கு. அதே ஆழம், அதே மாதிரித் தரை, ஆனால் பாறை வராத, சற்றுத் தள்ளிய இடத்தில் இன்னொரு கணக்கு. எத்தனை கிலோ என்று மட்டும் எழுதாதே. எத்தனை பேர், எத்தனை தூண்டில், எத்தனை மணி நேரம் என்பதும் வேண்டும். அப்புறம் மீனின் நீளம். குட்டி மீன்கள் பாறையிலேயே தென்பட்டு, வருடா வருடம் வளர்ந்த அளவிலும் கிடைத்தால் அது நம்பத்தக்க அடையாளம். கணவாய் முட்டை ஒட்டியிருந்தால் அதையும் குறி. பாறையில் கூடி, பக்கத்து இடத்தில் அதே அளவுக்குக் குறைந்தால் மீன் இடம்தான் மாறியிருக்கிறது.

மாதத்தையும் கவனி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடையால் விசைப்படகுகள் ஓடாத 61 நாளுக்குப் பிறகு எப்படியும் மீன்பாடு நன்றாக இருக்கும். மார்ச் கணக்கை அதோடு ஒப்பிட்டால் பாறைக்கு இனாமாகப் பெயர் கிடைத்துவிடும். ஜூலையை ஜூலையோடு பார்.

எதைப் போடுகிறார்கள் என்றும் விசாரி. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1972இல் பாறை என்ற பெயரில் சுமார் 20 லட்சம் பழைய டயர்களைக் கடலில் கொட்டினார்கள். கட்டு அறுந்து, டயர்கள் உருண்டு, பக்கத்திலிருந்த இயற்கைப் பவளத்தையே நாசமாக்கின. நல்ல கான்கிரீட் அப்படி ஓடாது. விசைப்படகுகளின் இழுவை மடி வலையையும் தடுக்கும், அது உங்களுக்குத் தனி நன்மை. ஆனால் உங்கள் தூத்துக்குடிப் பக்கத்து வான் தீவுக்கு முன்னால் 2015 முதல் இறக்கிய கான்கிரீட் கட்டைகளை மீன் பெருகியதற்கு உதாரணமாகக் காட்டாதே. அவை முதலில் தீவை அரிப்பிலிருந்து காக்க வந்தவை. அங்கே அலை எவ்வளவு தணிந்தது, மணல் எவ்வளவு சேர்ந்தது என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

பாறைக்கு மேல் யார், எவ்வளவு பிடிக்கலாம் என்று ஊர்க் கூட்டத்தில் இப்போதே பேசி முடித்துவிடுங்கள். மீன் சேர்ந்த பிறகு பேசினால் சண்டைதான். நோட்டுக்குக் கட்டம் போட்டுத் தரட்டுமா? உன் பையனிடம் சொல், வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
முருகேசன்